டிஏபி வானொலியின் மின்செலவை அளந்து, மின்கலத்தை நீண்ட நேரம் ஓடச் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் கையடக்க டிஏபி வானொலி (டிஜிட்டல் ஒலிபரப்பைப் பிடிக்கும் வானொலி) வாங்கியவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்கும் முறையீடு ஒன்றுதான்: பழைய எஃப்எம் பெட்டியில் வாரக்கணக்கில் ஓடிய மின்கலங்கள் இதில் இரண்டு நாளில் தீர்ந்துவிடுகின்றன. உடனே அவர்கள் கடைக்குப் போய், உறையின் மேல் இருப்பதிலேயே பெரிய எண் அச்சிட்டிருக்கும் மின்கலங்களை வாங்கி வருகிறார்கள். அவையும் இரண்டே நாளில் தீர்ந்துபோகின்றன. வார இறுதிகளில் பழுது பார்க்கும் மேசையில் அமர்ந்து இதைப் பலமுறை பார்த்த பிறகு, வேலையின் வரிசை மாறுவதே பிழைக்குக் காரணம் என்று எனக்குப் புரிந்தது. முதலில் வானொலி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளக்க வேண்டும். அடுத்து அதைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மின்கலம் வாங்க வேண்டும். கடைசியாகக் கடிகாரத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 0.1 ஓம் மின்தடை ஒன்று (1 சதவீதத் துல்லியம் உள்ளது), ஒட்டக்கூடிய செம்பு நாடா, பழைய பிளாஸ்டிக் அட்டை, முதலைக் கவ்விகள் பூட்டிய மூன்று கம்பிகள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். உள்ளேயே லித்தியம் மின்கலம் பொருத்தி யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகும் வானொலி என்றால், மல்டிமீட்டருக்குப் பதிலாக வாட்-மணியைக் கூட்டிக் காட்டும் யுஎஸ்பி மீட்டர் வேண்டும்.

அளவீட்டுக்கு முழுமையாகச் சார்ஜ் செய்த ஒரே வகை மின்கலங்களைப் பயன்படுத்த வேண்டும். பாதி தீர்ந்தவற்றை வைத்து அளந்தால் கிடைக்கும் எண்ணை அடுத்த மாதம் அளக்கப்போகும் எண்ணோடு ஒப்பிட முடியாது.

2. வானொலிக்குள் மின்சாரம் போகும் வழியை அறிதல்

மின்கல அறையைத் திறந்து, எத்தனை மின்கலங்கள், எந்த அளவு, எல்லாம் ஒரே தொடரில் இணைந்தவையா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு ஏஏ மின்கலங்கள் தொடராக இருந்தால் ஆல்கலைனில் (மறுபடி சார்ஜ் செய்யக் கூடாத சாதாரண வகை) 6 வோல்ட். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் (ரீசார்ஜபிள் வகை) 4.8 வோல்ட். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

அறைக்குள்ளோ வானொலித் திரையின் மெனுவிலோ ‘ஆல்கலைன்’, ‘ரீசார்ஜபிள்’ என்று மாற்றும் வசதி இருக்கிறதா என்று இப்போதே தேட வேண்டும். அது ரீசார்ஜபிளில் இருந்தால், வானொலியைச் சுவர் அடாப்டரில் செருகும்போது உள்ளே இருக்கும் மின்கலங்களுக்கும் மின்சாரம் ஏறும். அந்த நேரத்தில் அறையில் ஆல்கலைன் மின்கலங்கள் இருந்தால் அவை சூடாகிக் கசியும், வெடிக்கவும் கூடும். புதியவர்கள் செய்யும் பிழைகளில் ஆபத்தானது இதுதான் என்பதால் இதை முதலிலேயே வைத்திருக்கிறேன்.

அடாப்டர் துளையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பல வானொலிகளில் அடாப்டரைச் செருகியதும் மின்கலத் தொடர்பைத் துண்டிக்கும் சிறு உலோக இதழ் அந்தத் துளைக்குள் இருக்கிறது. இதழ் வளைந்தோ அழுக்கேறியோ போனால், அடாப்டரைக் கழற்றிய பிறகும் மின்கலம் இணையாது. ‘மின்கலம் வைத்தால் ஓடுவதே இல்லை’ என்று கொண்டுவரப்படும் பெட்டிகளில் சிலவற்றுக்கு, அடாப்டரை நான்கைந்து முறை செருகி எடுப்பதே மருந்தாக இருந்திருக்கிறது.

3. மின்னோட்டத்தை அளத்தல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்கும் படியும், பிழைகள் அதிகம் நேரும் படியும் இதுதான்.

பிளாஸ்டிக் அட்டையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் இரு பக்கங்களிலும் ஒன்றோடொன்று தொடாதபடி செம்பு நாடாவை ஒட்ட வேண்டும். இந்தத் துண்டை மின்கலத்தின் முனைக்கும் அறையின் சுருள்வில்லுக்கும் இடையில் செருகினால் சுற்று அங்கே அறுபடும். இரண்டு நாடாக்களுக்கும் குறுக்கே 0.1 ஓம் மின்தடையைக் கவ்விகளால் இணைத்தால் சுற்று மீண்டும் முழுமையாகும். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து அந்த மின்தடையின் இரு முனைகளுக்கு இடையே அளந்தால், காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் 10 மில்லியாம்பியருக்குச் சமம். 12.5 என்று காட்டினால் வானொலி 125 மில்லியாம்பியர் எடுக்கிறது.

மீட்டரின் மில்லியாம்பியர் அளவையே நேரடியாகப் பயன்படுத்தினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். அந்த அளவில் மீட்டருக்குள் இருக்கும் மின்தடையும் ஃபியூஸும் சேர்ந்து ஓர் ஓம் அல்லது அதற்கு மேலும் இருக்கும். வானொலி தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் சட்டென்று உயரும்போது அங்கே கால் வோல்ட், அரை வோல்ட் என்று விழுந்துவிடுவதால், வானொலி தன் மின்கலம் தீர்ந்துவிட்டதாக எண்ணி அணைந்துபோகும். சில நேரம் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 10 ஆம்பியர் அளவில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும், மலிவான மீட்டர்கள் அதில் 10 மில்லியாம்பியருக்குக் கீழ் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 0.1 ஓம் மின்தடை இந்த இரு குறைகளையும் தவிர்க்கிறது.

அளக்க வேண்டிய நிலைகளும் வரிசையும் இவை. முதலில் டிஏபியில் ஒரு நிலையத்தைத் தேர்ந்து, திரை ஒளி அணைந்த பின், பேச்சு நிகழ்ச்சி ஒன்றைச் சிறிய அறையில் ஒருவர் கேட்கும் அளவு ஒலியில் வைத்து அளக்க வேண்டும். இதுவே அடிப்படை எண். பிறகு திரை ஒளியுடன் ஒருமுறை, முழு ஒலியில் ஒருமுறை, இயர்போன் செருகி ஒருமுறை, அதே வானொலியை எஃப்எம்முக்கு மாற்றி ஒருமுறை அளக்க வேண்டும். இசை ஓடும்போது எண் குதித்துக்கொண்டே இருக்கும். பேச்சைத் தேர்வதற்கு அதுவே காரணம்.

எடுத்துக்காட்டுக்கு, நான்கு ஏஏ மின்கலங்களில் ஓடும் என் வானொலி ஒன்றின் எண்கள்: டிஏபி, மெல்லிய ஒலி, 4.9 வோல்ட்டில் 125 மில்லியாம்பியர், திரை ஒளியுடன் 150, முழு ஒலியில் 240 சுமார், பாஸ் ஒலிகளில் அதற்கும் மேலே, எஃப்எம்மில் 65. டிஏபி இரு மடங்கு எடுப்பதில் வியப்பில்லை. பல நிலையங்களைச் சேர்த்து அனுப்பும் பிபிசியின் தேசிய டிஏபி தொகுப்பு 12பி தடத்தில், 225.648 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதன் அகலம் 1.536 மெகாஹெர்ட்ஸ். அந்த அகலத்துக்குள் இருக்கும் 1536 துணை அலைகளையும் வானொலி எண்களாக மாற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்து, பிழை திருத்தி, அதன் பிறகே நமக்கு வேண்டிய ஒரே நிலையத்தின் ஒலியை விரித்தெடுக்க வேண்டும். எஃப்எம்மில் இவ்வளவு கணக்கு இல்லை. ஆனால் எஃப்எம்மையும் அதே சில்லு டிஜிட்டலாகவே கையாளும் புதிய வானொலிகளில் இந்த இடைவெளி சுருங்கியிருக்கும் என்பதால், என் எண்களை உங்கள் பெட்டிக்குப் பொருத்தாமல் நீங்களே அளப்பதுதான் சரி.

அணைத்த நிலையில் ஓடும் மின்னோட்டத்தைக் கடைசியாக அளக்க வேண்டும். இது ஒரு மில்லியாம்பியருக்குக் கீழே இருக்கக்கூடும் என்பதால் இதற்கு மட்டும் மீட்டரின் சிறிய மில்லியாம்பியர் அளவு தேவை. மின்தடையை எடுத்துவிட்டு, இரு நாடாக்களையும் கவ்விக் கம்பி ஒன்றால் குறுக்காக இணைத்து, வானொலி விழித்து அடங்கும்வரை காத்திருந்து, அணைத்து, மீட்டரையும் அதே இடத்தில் இணைத்த பிறகே அந்தக் கவ்வியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் மின்கலம் இணையும் கணத்தில் வரும் வெள்ளம் ஃபியூஸை எரித்துவிடும்.

அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பியை மீட்டரின் வோல்ட் துளைக்குத் திருப்பிவிட வேண்டும். அதை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்ததாக மின்கலத்தின் வோல்ட்டை அளக்கப் போகிறவர்கள், மின்கலத்தின் இரு முனைகளையும் மீட்டர் வழியாக நேராக இணைத்துவிடுகிறார்கள்.

யுஎஸ்பி வானொலியில் வேறொரு பொறி இருக்கிறது. உள்ளே இருக்கும் மின்கலம் நிறையாதபோது மீட்டர் காட்டுவது சார்ஜ் ஆகும் மின்னோட்டமே தவிர வானொலியின் செலவு இல்லை. முழுமையாக நிறைந்த பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டும். அல்லது முழு சார்ஜிலிருந்து தானாக அணையும்வரை ஓடவிட்டு மணியைக் குறித்து, மீண்டும் நிறைக்கும்போது ஏறிய வாட்-மணியை அந்த மணிகளால் வகுக்கலாம்; சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் வீணாவதால் உண்மைச் செலவு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

4. எண்களை வாட்டுக்கு மாற்றுதல்

மில்லியாம்பியரை மட்டும் வைத்துக் கணக்கிடுவது தவறான விடை தரும். பெரும்பாலான டிஏபி வானொலிகளுக்குள் ஸ்விட்சிங் முறை மின்னழுத்த மாற்றி இருப்பதால், மின்கலத்தின் வோல்ட் குறையக் குறைய அது எடுக்கும் ஆம்பியர் கூடும். இரண்டின் பெருக்கல் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். ஆகவே 4.9 வோல்ட்டை 0.125 ஆம்பியரால் பெருக்கி 0.61 வாட் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

மின்கலத்தையும் இதே அலகில் எழுதினால் ஒப்பீடு எளிதாகிவிடும். 2000 மில்லியாம்பியர்-மணி கொண்ட நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலங்கள்: 4 × 1.2 × 2 = 9.6 வாட்-மணி. அதை 0.61 ஆல் வகுத்தால் 15.7 மணி நேரம். மின்கலம் கடைசித் துளிவரை தராது. வானொலியும் அதற்கு முன்பே அணைந்துவிடும். எனவே பத்தில் ஒன்றரைப் பங்கைக் கழித்து 13 மணி நேரம் என்று எதிர்பார்ப்பதே நியாயமானது.

அணைத்த நிலைச் செலவையும் மறக்கக் கூடாது. என் வானொலி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்துக்காக 0.4 மில்லியாம்பியர் எடுக்கிறது. நாளுக்கு 9.6, மாதத்துக்கு 290 மில்லியாம்பியர்-மணி. அதாவது கேட்காமலேயே ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. வாரம் ஒருமுறை மட்டும் கேட்பவர்களுக்கு, கேட்பதில் செலவாவதைவிட இது பெரிதாகிவிடலாம்.

5. செலவைக் குறைத்தல்

இப்போது எண்கள் கையில் இருப்பதால் எதைத் தொடுவது பயன் தரும் என்று தெரியும். திரை ஒளியைப் பத்து விநாடியில் அணையும்படி வைப்பதே முதல் வேலை. என் பெட்டியில் அது மட்டும் ஆறில் ஒரு பங்கை மிச்சப்படுத்துகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்துகளுக்கும் படங்களுக்கும் வண்ணத்திரை கொண்ட வானொலிகளில் இது இன்னும் கூடும்.

அடுத்தது ஒலி. மெல்லிய ஒலியில் ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், இயர்போனுக்கு மாறுவதால் பலர் நினைக்கும் அளவுக்கு மிச்சம் வருவதில்லை. ஒலியைக் கூட்டிக் கேட்பவர்களுக்கோ நிலைமை வேறு. வானொலியை மேசை நடுவிலிருந்து எடுத்துத் தாம் அமரும் இடத்துக்கு அருகே வைத்து ஒலியைக் குறைப்பது, வேறெந்த ஏற்பாட்டையும்விட அதிக நேரத்தைத் தரும். பாஸை உயர்த்தும் ஈக்வலைசர் அமைப்பு இருந்தால் அதையும் நீக்க வேண்டும். சிறிய ஸ்பீக்கரில் அது ஒலியாக மாறுவதைவிடச் சூடாக மாறுவதே அதிகம்.

ஒரே நிலையம் எஃப்எம்மிலும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், பயணத்தின்போது எஃப்எம்மில் கேட்பது ஏறத்தாழ இரு மடங்கு நேரம் தரும். நார்வேயில் தேசிய நிலையங்கள் 2017லேயே எஃப்எம்மை விட்டுவிட்டதால் அங்கே இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. பிரிட்டனில் இன்னும் இருக்கிறது.

ஏரியலைப் பற்றியும் ஒரு சொல். அலைவரவு குறைந்தால் மின்செலவு மிகவும் கூடும் என்று நம்புகிறவர்கள் உண்டு; நான் அளந்தவரை வேறுபாடு சில மில்லியாம்பியர்தான். ஆனால் ஒலி விட்டுவிட்டு வந்தால் நாம் ஒலியைக் கூட்டுவோம், நிலையங்களைத் திரும்பத் திரும்பத் தேடவிடுவோம், அதனால் திரை ஒளியும் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஏரியலைச் செங்குத்தாக நிறுத்தி, டிஏபிக்கு 33 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டினால் போதும். 225 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் அவ்வளவுதான்.

6. மின்கலத்தைத் தேர்தல்

தினமும் கேட்பவர்களுக்கு, தானாகக் குறைவது மெதுவாக இருக்கும் வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலமே சரியானது. ஏஏ அளவில் அதன் கொள்ளளவு 2000 மில்லியாம்பியர்-மணியை ஒட்டி இருக்கும். 2500, 2700 என்று அச்சிட்ட பழைய வகைகள் முதல் நாளில் அதிகம் தந்தாலும், சும்மா இருக்கும்போது ஒரு மாதத்திலேயே கணிசமாக இழந்துவிடும், சார்ஜ் செய்து பயன்படுத்தக்கூடிய தடவைகளும் குறைவு. ஏஏ மின்கலத்தில் 3000க்கு மேல் எண் கண்டால் வாங்கவே வேண்டாம்.

ஆல்கலைன் மின்கலம் மெல்லிய சுமையில் 2500 தரும். டிஏபியின் சுமையில் 2000ஐ ஒட்டி இறங்கிவிடும். எப்போதாவது கேட்பவர்களுக்கும் அவசரத்துக்கு எடுத்து வைப்பவர்களுக்கும் அது பொருந்தும். மலிவான துத்தநாக-கார்பன் மின்கலம் இந்தச் சுமையில் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. டார்ச்சுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் வாங்கிப் பழகியவர்கள் அதையே டிஏபி வானொலிக்கும் போட்டுவிட்டு வானொலியைக் குறை சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

பெரிய டி அளவு மின்கலம் கேட்கும் வானொலிகளில் எடையைப் பார்க்க வேண்டும். உண்மையான டி அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் 8000 முதல் 10,000 மில்லியாம்பியர்-மணி தரும். 150 கிராம் அளவில் எடை இருக்கும். கையில் எடுத்தால் அதில் பாதிகூட இல்லாமல் லேசாக இருப்பவை, பெரிய கூட்டுக்குள் சிறிய மின்கலத்தை வைத்து மூடியவை. அதே எச்சரிக்கை 18650 என்ற உருளை லித்தியம் மின்கலங்களுக்கும் பொருந்தும்: நல்லவை 3500 வரைக்கும் தரும், 45 கிராமுக்குக் குறையாது, 9900 என்று அச்சிட்டவை போலிகள்.

ரீசார்ஜபிள் மின்கலம் போட்டதும் ‘மின்கலம் தீர்கிறது’ என்ற சின்னம் உடனே வந்தால் பதற வேண்டியதில்லை. 1.5 வோல்ட்டை எதிர்பார்த்து அமைத்த மின்கல அளவுமானிக்கு 1.2 வோல்ட் தீர்ந்ததாகத் தெரிகிறது. இரண்டாம் படியில் பார்த்த மாற்று வசதியைச் சரியான பக்கம் வைத்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

7. சார்ஜ் செய்வதும் கூட்டாக வைத்திருப்பதும்

ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றும் மலிவுச் சார்ஜர்களில், ஒன்று நிறைந்த பிறகும் மற்றொன்றுக்காக அதற்கும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருந்து சூட்டில் கெடும். 2000 அளவு மின்கலத்துக்கு ஓர் ஆம்பியர் வரை போகலாம். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஏற்றினால், நிறைந்ததும் வோல்ட் சற்றே இறங்கும் அடையாளம் தெளிவாகத் தோன்றாமல் சார்ஜர் நிற்கத் தவறும்.

நான்கையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே எழுத்தைப் பேனாவால் குறித்து, எப்போதும் ஒன்றாகவே பயன்படுத்த வேண்டும். தொடரில் ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால், அது முதலில் காலியாகி, மற்ற மூன்றும் தள்ளும் மின்சாரத்தால் முனை மாறிக் கெட்டுப்போகும்.

சார்ஜ் முழுதாக இருந்தும் உரத்த இசையில் மட்டும் வானொலி அணைந்து மீண்டும் தொடங்கினால், மின்கலத்தின் உள்தடை கூடிவிட்டது என்று பொருள். அணைத்த நிலையிலும் முழு ஒலியிலும் நான்கின் மொத்த வோல்ட்டை அளந்து பாருங்கள். நல்ல மின்கலக் கூட்டில் சிறு இறக்கமே இருக்கும், முதிர்ந்த கூட்டில் அரை வோல்ட்டுக்கு மேல் விழும்.

8. பவர் பேங்கில் ஓட்டுவதானால்

பவர் பேங்கின் மேல் உள்ள எண் 3.7 வோல்ட்டுக்கு உரியது. 10,000 என்றால் 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது ஆகும் இழப்பைக் கழித்தால் 31 சுமார். அது என் வானொலியை நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்.

இரண்டு தொல்லைகள் உண்டு. சில பவர் பேங்குகள் 50 அல்லது 100 மில்லியாம்பியருக்குக் கீழே போனால் போன் நிறைந்துவிட்டது என்று எண்ணி அணைந்துவிடும். டிஏபியில் ஓடிய வானொலி எஃப்எம்முக்கு மாற்றியதும் நின்றுபோவதற்கு இதுவே காரணம். மற்றொன்று, உள்ளே இருக்கும் மாற்றி எழுப்பும் இரைச்சல் கம்பி வழியாக ஏரியலுக்குள் புகுந்து வரவைக் கெடுக்கும். கம்பியில் ஃபெரைட் கவ்வி (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) பூட்டி, பவர் பேங்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். ஆகாசவாணி நடுத்தர அலையில் தரும் டிஆர்எம் என்ற வேறொரு டிஜிட்டல் முறை ஒலிபரப்பைக் கேட்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நடுத்தர அலையில் இந்த இரைச்சல் இன்னும் கடுமையாகத் தாக்கும். அளக்கும் வரிசையில் மட்டும் டிஆர்எம் வானொலிக்கும் எந்த மாற்றமும் இல்லை.

9. எடுத்து வைக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேல் கேட்கப் போவதில்லை என்றால் மின்கலங்களை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆல்கலைன் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலிருந்து வருவது. கையுறை அணிந்து, பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு சிறிது நீரால் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். லித்தியம் உள்ள வானொலியைப் பாதி சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

10. ஓடவிட்டுச் சரிபார்த்தல்

கணக்கு சரியா என்று ஒருமுறையாவது முழுதாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முழு சார்ஜ், அடிப்படை எண் எடுத்த அதே நிலையம், அதே ஒலி; தொடங்கிய மணியையும் அணைந்த மணியையும் குறிக்க வேண்டும். பல வானொலிகளில் தூக்க நேர அணைப்பும் ‘நான்கு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் அணை’ போன்ற அமைப்பும் இருக்கும். அவற்றை நீக்காமல் சோதனை செய்து, மின்கலம் நான்கு மணி நேரமே வந்தது என்று வருந்தியவர்கள் உண்டு.

கணக்கிட்ட நேரத்துக்கும் கிடைத்த நேரத்துக்கும் ஒரு மணி, ஒன்றரை மணி வேறுபாடு இயல்பு. பாதியே கிடைத்தால், அணைந்த உடனே ஒவ்வொரு மின்கலத்தின் வோல்ட்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்: மூன்று 1.2ஐ ஒட்டியும் ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்தும் இருந்தால் அந்த ஒன்றே பழுது, நான்கும் 1.2ஐ ஒட்டி இருந்தால் வானொலியின் அணைப்பு அளவு உயரமாக இருக்கிறது அல்லது அறையின் தொடுமுனைகளில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது.

அடிப்படை மின்னோட்டம், அணைத்த நிலை மின்னோட்டம், ஓடிய மணி, தேதி ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதி மின்கல அறை மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு மின்னோட்டம் மாறாமல் மணி மட்டும் குறைந்திருந்தால், நான்கு மின்கலங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மின்னோட்டமே கூடியிருந்தால் புதிய மின்கலம் வாங்க வேண்டாம், பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.